ஐகாடிபன்ட் ஊசி: ‘பெய்டு’ என்று வந்தும் காசு வராத க்ளெய்ம்

நவம்பர் 9, ஞாயிறு. மெடிகல் பில்லிங்கில் இருக்கும் ஒரு தம்பி வியாசர்பாடியிலிருந்து கேட்டது:

“அக்கா, நான் ஏஆரில் (வராத பணத்தைத் துரத்தும் பிரிவில்) சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அமெரிக்காவில் ஒரு சின்ன அலர்ஜி கிளினிக், அவர்கள் இன்ஷூரன்ஸுக்கு அனுப்பிய க்ளெய்ம் ஒன்று என் பக்கெட்டில் இருக்கிறது. ஐகாடிபன்ட் (பரம்பரையாக வரும் ஒரு வீக்க நோயின் தாக்குதலுக்கான மருந்து) ஊசி போட்டிருக்கிறார்கள். பில்லில் அந்த மருந்தின் கோடு ஜே1744, ஒரு யூனிட். பேயர் (இன்ஷூரன்ஸ் கம்பெனி) கொடுத்தது ரொம்பச் சொற்பம், ஆனால் ஸ்டேட்டஸ் ‘பெய்டு’. டீம் லீட் ‘பெய்டுதானே, க்ளோஸ் பண்ணு’ என்கிறார். கிளினிக்கிலிருந்து மெயில் மேல் மெயில் வருகிறது. டினையலே (பேயரின் மறுப்பே) இல்லாத க்ளெய்மில் நான் என்ன செய்ய முடியும்?”

நவம்பர் 9, இரவு

க்ளோஸ் பண்ணாதே தம்பி.

ஜே1744-க்கு ஒரு யூனிட் என்றால் ஒரு மில்லிகிராம். ஐகாடிபன்ட் சிரிஞ்ச் ஒன்றில் இருப்பது 30 மில்லிகிராம். ஒரு ஊசிக்கு 30 யூனிட் போட வேண்டும். ஒன்று போட்டதால் முப்பதில் ஒரு பங்குக்குத்தான் காசு வந்திருக்கிறது. பேயர் மேல் குற்றமில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். மிச்சத்தைக் கேட்க வேண்டியது நம் வேலை.

இன்னொன்று. நீ கேள்வியோடு போட்டிருக்கும் க்ளெய்ம் படத்தில் நோயாளியின் மெம்பர் ஐடி ஓரத்தில் தெரிகிறது. முதலில் அதை எடு. நோயாளி விவரங்களைக் காக்கும், 1996-இல் வந்த அமெரிக்க ஹிப்பா சட்டத்தை நமக்குப் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது சும்மா இல்லை. அது ஒரு மனிதருடைய அடையாளம்.

நவம்பர் 10

நேற்று நேரமாகிவிட்டதால் சுருக்கமாக எழுதினேன். இந்தக் குழப்பம் எங்கே பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் ஆடிட்டில் உட்காரும் எனக்கு இது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

இந்த ஒரே ஊசிக்கு மூன்று எண்கள் உண்டு. சிரிஞ்ச் ஒன்று. உள்ளே இருக்கும் திரவம் 3 மில்லிலிட்டர். அதில் கரைந்திருக்கும் மருந்து 30 மில்லிகிராம். வீட்டு கேஸை ஒரு சிலிண்டர் என்றாலும் 14.2 கிலோ என்றாலும் சரக்கு ஒன்றுதான், கேட்பவர் எந்த அளவில் கேட்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். நர்ஸ் ‘ஒரு சிரிஞ்ச் கொடுத்தேன்’ என்று எழுதுவார். சார்ஜ் என்ட்ரியில் (பில்லில் கோடும் யூனிட்டும் ஏற்றும் வேலையில்) இருப்பவர் அந்த ஒன்றைப் பார்த்து யூனிட்டிலும் ஒன்று என்று தட்டிவிடுவார். அவரைத் தனியாகத் திட்டிப் பிரயோஜனமில்லை. மணிக்கு இத்தனை க்ளெய்ம் என்று டார்கெட் வைத்தால் யார்தான் சார்ட்டை (நோயாளியின் மருத்துவக் குறிப்பை) திறந்து படிப்பார்கள்?

கிளினிக்குகள் க்ளெய்ம் அனுப்பும் சிஎம்எஸ்-1500 படிவத்தில் 24-ஆம் பெட்டியை எடுத்துக்கொள். ஒவ்வொரு வரியும் இரண்டாகப் பிரிந்திருக்கும். மேல் பாதி நிழலிட்டது. அங்கே என்4 என்று தொடங்கி, 11 இலக்க என்டிசி (எந்தக் கம்பெனியின் எந்த மருந்து என்று சொல்லும் எண்), அதன் பின் எம்எல்3, அதாவது 3 மில்லிலிட்டர். கீழ்ப் பாதி வெள்ளை. அங்கே ஜே1744, யூனிட் எழுதும் 24ஜி-யில் 30. ஆக ஒரே வரியில் மேலே 3, கீழே 30. இரண்டும் சரி. பார்ப்பவருக்கு ஏதோ தப்பு மாதிரித் தெரியும், அதனால் சிலர் இரண்டையும் ஒன்றாக்கித் ‘திருத்தி’ விடுகிறார்கள். கீழேயும் 3 போட்டால் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். மேலே 30 போட்டால் பத்து சிரிஞ்ச் உபயோகித்ததாக ஆகிவிடும், பேயர் ரெக்கார்ட்ஸ் கேட்பார்.

என்டிசி பற்றியும் ஒரு வார்த்தை. மருந்து அட்டையில் பெரும்பாலும் 10 இலக்கம்தான் அச்சாகியிருக்கும். க்ளெய்மில் 5-4-2 என்ற அமைப்பில் 11 ஆக்க வேண்டும். எந்தத் துண்டு குட்டையாக இருக்கிறதோ அதன் முன்னால் பூஜ்யம். கடைசியில் ஒட்டினால் அது வேறு மருந்தாகிவிடும், அல்லது எந்த மருந்துமே இல்லை என்று ரிஜெக்ட் ஆகும்.

நவம்பர் 11

திருத்தி அனுப்புவது எப்படி என்று தம்பி கேட்டிருக்கிறான். புது க்ளெய்மாக அனுப்பாதே, சிஓ-18 என்ற மறுப்புக் கோடோடு, டூப்ளிகேட் என்று திரும்பும். 22-ஆம் பெட்டியில் 7 என்ற ஃப்ரீக்வென்சி கோடும் (பழையதற்குப் பதில் இது என்று சொல்வது) பேயர் கொடுத்த பழைய க்ளெய்ம் எண்ணும் வேண்டும். அத்துடன் ஊசி போட்ட சார்ட் பக்கம். காலக்கெடு பேயருக்குப் பேயர் மாறும், கிளினிக்கின் கான்ட்ராக்டில் பார். மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸ்) என்றால் இந்த 7 செல்லாது. எழுத்துப்பிழை வகைத் திருத்தத்துக்கு ரீஓப்பனிங் கேட்க வேண்டும்.

நவம்பர் 15

டீம் லீட் சொன்னது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவரும் கெட்டவர் இல்லை. நம் வேலை முழுக்க டினையலைத் துரத்துவதாகவே அமைந்துவிட்டது. சிஓ-197 (முன் அனுமதி இல்லை) வந்தால் ஆத், அதாவது அந்த முன் அனுமதி, எங்கே என்று தேடுகிறோம், சிஓ-50 (மருத்துவத் தேவை இல்லை) வந்தால் அப்பீல் எழுதுகிறோம். ‘பெய்டு’ என்று வந்தால் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த மருந்தைப் பொறுத்தவரை ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

அந்தக் கிளினிக்கை நினைத்துப் பார். மருந்தை முன்கூட்டியே தன் காசில் வாங்கி, ஃப்ரிட்ஜிலோ அலமாரியிலோ வைத்து (ஐகாடிபன்ட் 25 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் போதும்), நோயாளி மூச்சுத் திணறி ஓடிவரும் நாளில் போட்டுவிட்டு, அப்புறம்தான் பில் அனுப்புகிறார்கள். ஃபிராசிர் என்ற பெயரில் வரும் சிரிஞ்ச் ஒன்றின் பட்டியல் விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டும். 2019-இல் ஜெனரிக் வந்த பிறகு விலை இறங்கியிருக்கிறது, ஆனாலும் ஒரு சின்னக் கிளினிக்குக்கு அது பெரிய பணம். இரண்டு தடவை இப்படி முப்பதில் ஒரு பங்கு வந்தால், மூன்றாம் தடவை அவர்கள் அந்த மருந்தை வாங்கி வைக்கவே மாட்டார்கள். ‘எமர்ஜென்சிக்குப் போங்கள்’ என்பார்கள். தொண்டை வீங்கிய ஆள் இன்னும் எத்தனை மைல் காரில் போக வேண்டுமோ!

ஜெனரிக்குக்குத் தனி ஜே கோடு உண்டா என்று கேட்டவருக்கு: இல்லை, அதற்கும் ஜே1744தான். என்டிசி மட்டும் மாறும். அதனால்தான் கையில் எந்த கம்பெனி சிரிஞ்ச் இருந்தது என்பது சார்ட்டில் இருக்க வேண்டும்.

நவம்பர் 16

மேலே ஒருவர், “டாக்டர் ஆஞ்சியோஎடிமா (தோலுக்கடி வீக்கம்) என்று எழுதியிருந்தால் நோய்க் கோடாக டி78.3 போட்டுவிடலாம், பேயர் ஏற்றுக்கொள்வார்” என்று எழுதியிருக்கிறார். எழுத்துக்கூட்டும்போதே ஒரு குழப்பம் வரும், தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அவர் சொல்வது டீச்சர் என்பதில் வரும் ‘டி’ (T), காயம், நச்சு, ஒவ்வாமை அத்தியாயத்தின் எழுத்து. அண்ணே, அதை இதற்குப் போடக் கூடாது.

அந்தக் கோடு ஒவ்வாமையால் வரும் வீக்கத்துக்கு. பரம்பரையாக வரும் ஆஞ்சியோஎடிமாவான எச்ஏஇ-க்குக் கோடு புத்தகத்தின் இண்டெக்ஸே வேறு இடத்துக்கு அனுப்புகிறது: நோய் எதிர்ப்புக் குறைபாடுகள் வரும் அத்தியாயத்தில், டாக்டர் என்பதில் வரும் ‘டி’யோடு (D) டி84.1, காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரத அமைப்பின் குறைபாடு. சி1 எஸ்டரேஸ் இன்ஹிபிடர் குறைபாடு அதற்குள் பெயர் சொல்லியே இருக்கிறது. ஒவ்வாமைக் கோடோடு ஐகாடிபன்டை அனுப்பினால் சிஓ-11 (நோய்க் கோடும் மருந்தும் பொருந்தவில்லை) வரும், அல்லது சிஓ-50. வராமல் காசு வந்தாலும், அந்த நோயாளியின் ரெக்கார்டில் தப்பான நோய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த தடவை எமர்ஜென்சியில் அதைப் பார்ப்பவர் அட்ரினலின் போட்டுக் காத்திருப்பார்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன், கோடு போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. சாதாரண அலர்ஜி வீக்கத்துக்குக் காரணம் ஹிஸ்டமின். எச்ஏஇ-இல் காரணம் பிராடிகைனின். சி1 இன்ஹிபிடர் என்ற புரதம் போதாததால், அல்லது இருந்தும் வேலை செய்யாததால், பிராடிகைனின் எக்கச்சக்கமாகச் சுரந்து ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. கை, கால், முகம், குடல், குரல்வளை, எங்கே வேண்டுமானாலும். அரிப்பு இருக்காது, தடிப்பும் வராது. ஆன்டிஹிஸ்டமின், ஸ்டீராய்டு, அட்ரினலின் எதற்கும் அது அசையாது. ஐகாடிபன்ட் பிராடிகைனின் போய் உட்காரும் பி2 ஏற்பியை அடைத்துவிடுகிறது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ இதைப் பெரியவர்களுக்கு அனுமதித்தது. தோலுக்கடியில், வயிற்றில் போடுவது. நோயாளியே பழகிக்கொண்டு போட்டுக்கொள்ளலாம்.

உலகில் சுமார் 50,000 பேருக்கு ஒருவருக்கு இருக்கும் நோய் இது. அதனால் பல கோடர்கள் தங்கள் சர்வீஸ் முழுக்க ஒன்றிரண்டு சார்ட்தான் பார்த்திருப்பார்கள். தெரியாமல் இருப்பது இயல்புதான். தெரியாத மருந்து வந்தால் அது என்ன செய்கிறது என்று பத்து நிமிடம் படித்துவிட்டுக் கோடு போடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

நவம்பர் 22

“நோயாளியே போட்டுக்கொள்ளலாம்” என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு கொளத்தூரிலிருந்து ஒரு தங்கை நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். “அப்படியானால் மெடிகேர் பார்ட் பி இதற்குக் காசு தருமா அக்கா?”

சிக்கலே இங்கேதான். பார்ட் பி-யில் டாக்டர் கையால் போடும் மருந்துக்குத்தான் இடம். பெரும்பாலானவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் மருந்து என்று மெடிகேர் கான்ட்ராக்டர் முடிவு செய்தால், அதைத் தனிப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பட்டியல் கான்ட்ராக்டருக்குக் கான்ட்ராக்டர் வேறு. ஜே1744 அப்படிப்பட்ட பட்டியல்களில் இருக்கிறது. அங்கே இருந்தால் கிளினிக்கிலேயே நர்ஸ் போட்டிருந்தாலும் பார்ட் பி தராது. பார்ட் டி பக்கம், மருந்துக் கடை வழியாகப் போக வேண்டும்.

அதனால் இந்த மருந்தில் எந்தக் கோடைத் தொடுவதற்கு முன்னும் மூன்று விஷயம் தெரிய வேண்டும். மருந்தை வாங்கியது யார்? ஊசியைப் போட்டது யார்? எந்த இடத்தில்? கோடு அப்புறம் தானாக வரும்.

கிளினிக் வாங்கி, கிளினிக்கில் நர்ஸ் போட்டால்: ஜே1744 முப்பது, ஊசிக்கூலிக்கான கோடு 96372 ஒன்று, இடம் 11 (கிளினிக்). ஸ்பெஷாலிட்டி ஃபார்மசி நோயாளி பெயரில் அனுப்பியதை நர்ஸ் போட்டால், போட்ட கூலியான 96372 மட்டும் நம்முடையது. மருந்துக்கு ஃபார்மசி ஏற்கெனவே பில் போட்டிருக்கும், நாமும் போட்டால் ஒரே மருந்துக்கு இரண்டு பில். வீட்டில் நோயாளியே போட்டுக்கொண்டால் கிளினிக் எதற்கும் பில் போட முடியாது. போன் செய்து டாக்டர் தைரியம் சொன்னார் என்பதற்காக 96372 போட்ட சார்ட்டையும் நான் பார்த்திருக்கிறேன், அது கூடாது. ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் போட்டால் மருந்தும் ஊசிக்கூலியும் யூபி-04 படிவத்தில் ஆஸ்பத்திரிக்குச் சேரும். அங்கே பார்த்த டாக்டர் தன் விசிட்டுக்கு மட்டும் பில் அனுப்புவார், 96372 அவருக்குக் கிடையாது.

வியாசர்பாடி தம்பி, உன் க்ளெய்மில் இந்த மூன்றையும் கிளினிக்கிடம் எழுதிக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் திருத்தி அனுப்ப வேண்டும். யூனிட்டை முப்பதாக்கி அனுப்பிய பிறகு ‘மருந்து ஃபார்மசியிலிருந்து வந்தது’ என்று தெரிந்தால் அது பெரிய வம்பு.

நவம்பர் 23

ஜேஇசட் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே தடவைக்கான சிரிஞ்ச் அல்லது வயலில் மிச்சம் எதுவும் கொட்டவில்லை என்றால் மெடிகேருக்கு ஜேஇசட் மாடிஃபையர் (கோடோடு ஒட்டும் இரண்டெழுத்துக் குறி) 2023 ஜூலை 1 முதல் கட்டாயம். கொட்டியிருந்தால் ஜேடபிள்யூ. ஐகாடிபன்டில் முழு சிரிஞ்சும் உள்ளே போகிறது, கொட்ட எதுவுமில்லை. பார்ட் பி-யில் தனியாகப் பணம் கிடைக்கும் மருந்துகளுக்கான விதி இது. மற்ற பேயர்கள் கேட்டால் போடு.

நவம்பர் 27

இன்று அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். பேயர் லைன் எதிலும் ஆள் இல்லை, பாதி ஃப்ளோர் காலி. சார்ட்டை நிதானமாகப் படிக்க இப்படி ஒரு நாள் கிடைப்பதே அரிது. யாருக்காவது இன்று ஷிஃப்ட் என்றால், பழைய ‘பெய்டு’ க்ளெய்ம்களில் ஜே1744-ஐத் தேடி 24ஜி-யில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நவம்பர் 29

இரண்டு பேர் தேடிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் பார்த்ததில் ஒரு க்ளெய்மில் யூனிட் 3. நன்றி. கிளினிக்குக்குச் சொல்லிவிடுங்கள்.

இதே நோய்க்கான கால்பிட்டர் பற்றிக் கேட்டவருக்குத் தனியாக எழுதுகிறேன். அது எகாலன்டைட், ஜே1290, அதுவும் ஒரு மில்லிகிராம் ஒரு யூனிட், டோஸும் 30 மில்லிகிராம்தான். ஆனால் சிரிஞ்சில் வராது. 10 மில்லிகிராம் வயல் மூன்று, தோலுக்கடியில் மூன்று குத்து. இதை நோயாளி வீட்டில் போட்டுக்கொள்ளவே கூடாது. அந்த மருந்துக்கே அனஃபிலாக்சிஸ் வரலாம் என்று எஃப்டிஏ பெட்டி கட்டி எச்சரித்திருக்கிறது, சமாளிக்கத் தெரிந்த மருத்துவப் பணியாளர்தான் போட வேண்டும். ஆகவே ஐகாடிபன்டுக்கு வந்த ‘தானே போட்டுக்கொள்வது’ பிரச்சினை இதற்கு வராது. ஒரே நோய், ஒரே 30 யூனிட், ஆனால் பில் போகும் வழி வேறு. 96372-ஐ மூன்று தடவை போடலாமா என்பது பேயர் பாலிசியைப் பொறுத்தது, ஊகித்துப் போடாதீர்கள்.

டிசம்பர் 6

இன்று பில்லிங் இல்லை, வேறு ஒரு விஷயம்.

எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். கல்லூரி முடித்தவள். சில மாதங்களுக்கு ஒரு தடவை வயிற்று வலி வந்து சுருண்டு படுப்பாள், வாந்தி எடுப்பாள், இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும். ஒரு தடவை குடல்வால் என்று சொல்லி ஆபரேஷன் வரை போனது. எடுத்த பிறகும் வலி வந்தது. நடுநடுவே கை வீங்கும், ஒரு தடவை உதடு. வீட்டில் கத்திரிக்காய், மீன் எல்லாம் நிறுத்திப் பார்த்தார்கள். பக்கத்து கிளினிக்கில் ஏவில் ஊசியும் ஸ்டீராய்டும் போட்டு அனுப்புவார்கள், வீக்கம் இறங்காது.

போன மாதம் அவள் அம்மா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது, “இவ அப்பாவுக்கும் இப்படித்தான் வரும்மா. கடைசியில ஒரு ராத்திரி தொண்டை வீங்கி மூச்சு நின்னுடுச்சு” என்றார்.

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. இதே வாக்கியத்தை நான் ஆங்கிலத்தில் எத்தனை சார்ட்டில் படித்திருக்கிறேன்! குடும்ப வரலாறு, தந்தை, குரல்வளை வீக்கம், இறப்பு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நான் டாக்டர் இல்லை, நோயின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இம்யூனாலஜி தெரிந்தவரைப் பாருங்கள், அப்பா இறந்த விதத்தை முதலிலேயே சொல்லுங்கள், சி4 என்ற ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். போனார்கள். சி4 குறைவாக வந்திருக்கிறது. சி1 இன்ஹிபிடர் பரிசோதனைக்கு ரத்தம் போயிருக்கிறது.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. நம் ஊரில் ஏரியாவுக்கு நூறு பேர் மெடிகல் பில்லிங்கில் இருக்கிறோம். பெரம்பூர், கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ராத்திரி கேப் ஏறிப் போய், கடல் தாண்டி இருப்பவர்களின் நோயைப் படித்துவிட்டு விடியற்காலையில் திரும்புகிறோம். படித்தது நம் தெருவுக்கும் உதவட்டுமே.

டிசம்பர் 7

நேற்றைய குறிப்புக்குக் கீழே நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

சி4 குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும், முடிவு அல்ல. சி1 இன்ஹிபிடரின் அளவு, அது வேலை செய்யும் திறன் இரண்டையும் பார்க்க வேண்டும். முதல் வகையில் அளவே குறைவு, சுமார் 85 சதவீதம் பேர் இந்த வகை. இரண்டாம் வகையில் அளவு சரியாக இருக்கும், திறன் இருக்காது. அளவை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று அனுப்பினால் இரண்டாம் வகை தப்பிவிடும். (கோடர்களே, ஆத் கேட்கும்போது பேயர் இந்த மூன்று லேப் ரிப்போர்ட்டையும் ஏன் கேட்கிறார் என்பது இதனால்தான்.)

நோய் உறுதியானவர்கள் பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ஏஸ் இன்ஹிபிடர் மாத்திரையும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் எடுக்கக் கூடாது, இரண்டும் தாக்குதலைக் கிளப்பிவிடும். பல் பிடுங்குவதற்கு முன் டென்டிஸ்டிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், தொண்டை வீக்கத்தைத் தொடங்கி வைக்கும் காரணங்களில் அதுவும் ஒன்று. குறிப்பான மருந்து கையில் இல்லாத இடங்களில் டாக்டர்கள் ஃப்ரெஷ் ஃப்ரோசன் பிளாஸ்மா ஏற்றுவதும், தடுப்புக்கு டெனசால், டிரானெக்சமிக் ஆசிட் கொடுப்பதும் வழக்கம். அவற்றை டாக்டர் முடிவு செய்வார். குரல் மாறினால், விழுங்க முடியாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

டிசம்பர் 13

மீண்டும் பில்லிங். பெரினெர்ட்டில் யூனிட் கணக்கு வரவில்லை என்றாள் கொளத்தூர் தங்கை. அதுவும் தாக்குதலுக்கான மருந்துதான், ஆனால் நரம்பு வழியாக ஏற்றுவது, எடையைப் பொறுத்த டோஸ். கிலோவுக்கு 20 யூனிட். 500 யூனிட் வயல். கோடு ஜே0597, அதில் ஒரு பில்லிங் யூனிட் என்பது மருந்தின் 10 யூனிட். ‘யூனிட்’ இரண்டு இடத்தில் இரண்டு அளவு, கவனம்.

68 கிலோ ஆளுக்கு 1,360 யூனிட். மூன்று வயல் உடைத்தால் 1,500. கொடுத்தது 136 என்று ஒரு வரி. கொட்டியது 140 யூனிட், அது ஜேடபிள்யூ போட்டு 14 என்று இன்னொரு வரி. கொட்டிய அளவு சார்ட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும், நாமாகக் கழித்துப் போடக் கூடாது. பொடி வயல் என்பதால் என்டிசி வரியில் யூஎன்3, அதாவது மூன்று வயல். ஊசிக்கூலி 96372 இல்லை, நரம்பில் தள்ளியதற்கு 96374.

டிசம்பர் 20

வியாசர்பாடி தம்பி எழுதியிருக்கிறான். கிளினிக் பதில் அனுப்பிவிட்டது: மருந்து அவர்கள் வாங்கியது, நர்ஸ் போட்டது, கிளினிக்கில்தான். சார்ட் பக்கமும் வந்திருக்கிறது. 30 மி.கி., 3 மி.லி., இடது அடிவயிறு, மாலை 4.10, லாட் எண், கீழே நர்ஸ் கையெழுத்து. அவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறார் அந்த அம்மா. அதைப் பார்த்திருந்தால் யாருக்கும் ஒன்று என்று தட்ட மனம் வந்திருக்காது.

திருத்திய க்ளெய்ம் போனது. இப்போது சிஓ-197 வந்திருக்கிறது. ஆத் இருக்கிறதே என்று பதறுகிறான். ஆத் லெட்டரைத் திறந்து யூனிட்டைப் பார் தம்பி. கேட்கும்போதே ஒரு யூனிட் என்று கேட்டிருப்பார்கள், அதனால்தான் பழைய க்ளெய்ம் சத்தமில்லாமல் பெய்டு ஆகியிருக்கிறது.

டிசம்பர் 21

அதேதான். ஆத் லெட்டரில் ஜே1744, யூனிட் 1.

இப்போது இரண்டு வேலை. நடந்ததற்கு: பேயரிடம் ஆத்தைப் பின்தேதியிட்டுத் திருத்தச் சொல். ‘ஒரு மில்லிகிராம் டோஸ் என்று இந்த மருந்தில் எதுவுமே இல்லை, எஃப்டிஏ லேபிளில் ஒரே டோஸ் 30 மில்லிகிராம்’ என்று லேபிள் பக்கத்தை இணைத்து அப்பீல் எழுது. மறுப்பதற்கு அவர்களுக்கு நியாயமே இருக்காது. இனிமேலுக்கு: ஆத் கேட்கும்போது ஒரு தாக்குதலுக்கு எவ்வளவு தேவைப்படலாம் என்பதையும் சேர். வீக்கம் அடங்காவிட்டால் ஆறு மணி நேரம் விட்டு மறு ஊசி, 24 மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. அதாவது உச்சம் 90 யூனிட். முப்பதுக்கு மட்டும் ஆத் வாங்கி வைத்திருந்தால் இரண்டாம் ஊசி அன்றே மாட்டிக்கொள்ளும். சார்ட்டில் ஊசி போட்ட நேரம் அவசியம் என்பதும் இதனால்தான்.

ஜனவரி 10

புது வருஷம் பிறந்ததும் அமெரிக்க இன்ஷூரன்ஸில் பெரும்பாலானவர்களுக்கு டிடக்டிபிள் (பேயர் தரத் தொடங்கும் முன் நோயாளி கட்ட வேண்டிய தொகை) பூஜ்யத்திலிருந்து தொடங்கும். டிசம்பரில் பைசா கட்டாத நோயாளிக்கு ஜனவரி ஊசிக்குப் பெரிய பிஆர்-1 (நோயாளி கட்ட வேண்டிய டிடக்டிபிள்) வரும். பேயர் தரவில்லை என்று நினைத்து அப்பீல் எழுதி நாளைக் கடத்தாதீர்கள். ஆத்துகளும் பல வருஷக் கடைசியோடு காலாவதியாகும், இந்த வாரமே பட்டியல் எடுங்கள். கார்டு மாறியிருக்கிறதா என்று எலிஜிபிலிட்டி பாருங்கள், சிஓ-109 (தப்பான பேயருக்குப் போன க்ளெய்ம்) குவிவது ஜனவரியில்தான்.

மெடிகேர் பார்ட் டி-யில் நோயாளி கையிலிருந்து போகும் காசுக்கு 2025 முதல் வருஷ வரம்பு உண்டு. அந்த வருஷம் 2,000 டாலர், 2026-க்கு 2,100. இந்த மாதிரி விலையுள்ள மருந்து எடுப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! நோயாளி கட்டும் பங்கைக் குறைக்க மருந்து கம்பெனி கொடுக்கும் கோபே கார்டு மெடிகேர்காரர்களுக்குச் செல்லாது, அதை மட்டும் கிளினிக் ஆட்கள் நம்பவைத்து அனுப்பிவிடக் கூடாது.

இன்னொரு செய்தி: 2025 ஜூலையில் தாக்குதலுக்கு வாயால் விழுங்கும் மாத்திரையையே எஃப்டிஏ அனுமதித்திருக்கிறது, செபெட்ரால்ஸ்டாட். மாத்திரை என்றால் நம் ஜே கோடு வேலையே அதில் இல்லை, முழுக்க ஃபார்மசி. குத்திக்கொள்ளப் பயப்படுபவர்கள் இனி தாமதிக்க மாட்டார்கள். நமக்கு க்ளெய்ம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஜனவரி 17

பொங்கல் விடுமுறையில் வந்த நல்ல செய்தி, தம்பியின் அப்பீல் ஏற்கப்பட்டது. ஆத் 30 யூனிட் என்று திருத்தப்பட்டு, க்ளெய்ம் ரீப்ராசஸ் ஆகி, மிச்சப் பணம் கிளினிக்குக்கு வந்துவிட்டது. டீம் லீட் இப்போது எல்லா ஜே கோடு க்ளெய்முக்கும் பெய்டு யூனிட்டைச் சரிபார்க்க ஒரு ரிப்போர்ட் போடச் சொல்லியிருக்கிறாராம். அவருக்கு என் வணக்கம்.

வண்ணாரப்பேட்டைப் பெண்ணுக்கு ரிசல்ட் வந்தது, முதல் வகை. டாக்டர் மாத்திரை தொடங்கியிருக்கிறார், அவசரத்தில் காட்ட ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறார். அவள் தம்பிக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி, உனக்கு ஒரு வேலை பாக்கி. முதல் தடவை பெய்டு ஆனபோது கிளினிக் அந்த நோயாளிக்கு ஸ்டேட்மென்ட் அனுப்பியதா என்று பார். இப்போது ரீப்ராசஸில் நோயாளியின் பங்கான கோஇன்ஷூரன்ஸ் தொகை மாறியிருக்கும். பழைய ஸ்டேட்மென்ட்டை நிறுத்திவிட்டு, புது இஓபி-யை (பேயர் அனுப்பும் பணக் கணக்கை) போஸ்ட் செய்த பிறகு ஒரே பில்லாகப் போகட்டும். அவருக்குப் போனும் செய்து ஏன் மாறியது என்று சொல்லச் சொல்.